வேலூர் வெயில், காட்பாடி ரயில், நடுத்தர விலை ஏஎன்சி ஹெட்போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி திறக்கும் சமயத்திலும் தீபாவளி ஆஃபர் நேரத்திலும் என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பத்தாயிரத்துக்குள்ள நல்ல நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் எது?" ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் குடியாத்தத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே படிக்கிற பெண்ணுக்கும், காட்பாடியில் ரயிலேறித் தினமும் சென்னைக்குப் போய்வருகிறவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. யார், எங்கே உட்கார்ந்து, எந்தச் சத்தத்தைக் குறைக்க வாங்குகிறார் என்பது முதலில் தெரியவேண்டும். இங்கே நடுத்தர விலை என்று சொல்வது சுமார் ரூ. 5,000 முதல் ரூ. 15,000 வரை. காதை முழுதாக மூடும் ஹெட்போன்களைப் பற்றியே பேசுகிறேன். ஏஎன்சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலிங்) என்பது வெளிச்சத்தத்தை எதிர் ஒலியால் அடக்கும் வசதி.

அண்ணா, ஏஎன்சி போட்டா வெளிச்சத்தமே கேட்காதா?

கேட்கும், குறைவாகக் கேட்கும். எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறையாது.

ஒலி என்பது காற்றழுத்தம் மாறி மாறிக் கூடுவதும் குறைவதும்தான். ஹெட்போனில் உள்ள மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப், அழுத்தம் கூடும் கணத்தில் அதைக் குறைக்கும்படியும், குறையும் கணத்தில் கூட்டும்படியும் ஓர் எதிர் ஒலியை ஸ்பீக்கர் வழியாக விடுகிறது. இரண்டும் காதருகே சேர்ந்து பெருமளவு அடங்கிவிடுகின்றன. ஒரே சீராக, தாழ்ந்த சுருதியில் ஓடும் இரைச்சலுக்கு இந்த வித்தை பிரமாதமாக எடுபடும். சுருதி ஏற ஏற எதிர் ஒலியைச் சரியான கணத்தில் விடுவது கடினம். சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏஎன்சிக்குப் பலம் போய்விடும். அங்கே சத்தத்தைத் தடுப்பது காதைச் சுற்றி அமரும் பேட்தான்.

கருத்து பழையது. ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூக் என்பவருக்கு 1936-லேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அன்றைய மின்னணுவியல் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1978-ல் விமானத்தில் போய்க்கொண்டிருந்த, போஸ் ஆடியோ நிறுவனத்தின் நிறுவனர் அமர் போஸ், இன்ஜின் இரைச்சலில் பாட்டு கேட்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விமான இன்ஜின் இரைச்சலுக்காக உருவான பொருள் இது என்று தெரிந்தாலே, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது பாதி விளங்கிவிடும்.

எங்க வீட்டுச் சத்தத்துல எதெது அடங்கும்?

சீலிங் ஃபேன், ஏர் கூலர், ஏசி, ஓடிக்கொண்டே இருக்கும் கிரைண்டர், பக்கத்துக் கடை ஜெனரேட்டர் இவையெல்லாம் நன்றாக அடங்கும். கத்திரி வெயிலில் கூலரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். மிக்ஸி ஓரளவு குறையும். குக்கர் விசில், குழந்தையின் அழுகை, பைக் ஹாரன், அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிடுவது ஆகியவை மெலிந்தாலும் வரத்தான் செய்யும்.

தறிச் சத்தம் வேறு ரகம். விட்டு விட்டு அடிக்கும் சத்தத்தை ஏஎன்சியால் முந்திக்கொள்ள முடியாது. அந்த வீடுகளுக்கு, தடித்த பேட் வைத்து அழுத்தமாக மூடுகிற ஹெட்போனைத்தான் சொல்வேன். திருவிழா ஒலிபெருக்கியும் அப்படித்தான். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின்போது குடியாத்தத்தில் இருப்பவர்களுக்கு மேளத்தின் அதிர்வு கொஞ்சம் தணியும், குழாய் ஒலிபெருக்கியின் கூர்மை தணியாது.

இதெல்லாம் போட்டா காது கெட்டுப்போகும்னு அப்பா சொல்றாரு. உண்மையா?

அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. காதைக் கெடுப்பது ஏஎன்சி அல்ல, வால்யூம்.

ஓடும் ரயிலில் சாதாரண இயர்போனில் பாட்டு கேட்பவரைக் கவனித்துப் பாருங்கள். சக்கரச் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்பதற்காக வால்யூமை ஏற்றுவார். பாலம் வந்தால் இன்னும் ஏற்றுவார். பாலம் போன பிறகும் இறக்கமாட்டார். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கே பாட்டு கேட்கும். ஏஎன்சி அந்த அடி இரைச்சலை இறக்கிவிடுவதால் பாதி வால்யூமிலேயே பாட்டும் பாடமும் தெளிவாகக் கேட்கும். நான் இந்த வகை ஹெட்போனை விடாமல் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் இதுதான். இசைத் தரம் எல்லாம் அதற்கு அப்புறம்.

உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு: பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. அதுவே 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். வால்யூம் பட்டை 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது எளிய கணக்கு. பழக்கம் ஒன்று வேண்டும்: முதலில் ஏஎன்சியைப் போடுங்கள், சில நொடி காத்திருங்கள், பிறகு வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். பழைய வால்யூமிலேயே கேட்பதாக இருந்தால் இவ்வளவு காசு கொடுத்து இதை வாங்கவே வேண்டாம்.

பாட்டே இல்லாமல் ஏஎன்சியை மட்டும் போட்டுக்கொண்டு படிக்கலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். தாராளமாகப் படிக்கலாம், அதுதான் மிகச் சிறந்த உபயோகம். காதுக்குள் ஏற்கனவே 'ஙொய்' என்ற இரைச்சல் இருப்பவர்களுக்கு மட்டும், வெளிச்சத்தம் குறைந்ததும் அது எடுப்பாகத் தெரியலாம். தெரிந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைக்குப் போய் எப்படிப் பார்த்து வாங்குறது?

தலையில் மாட்டாமல் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினாலும், ஆற்காடு ரோட்டிலோ காட்பாடியிலோ ஒரு கடையில் அதே மாடலையோ அதன் அண்ணன் தம்பி மாடலையோ மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாட்டுப் போடச் சொல்லாதீர்கள். கடையில் ஏசி ஓடும் இடத்துக்குக் கீழே நின்று, பாட்டில்லாமல் ஏஎன்சியை மட்டும் போடச் சொல்லுங்கள். பிறகு காதை மூடும் இரண்டு கிண்ணங்களையும் கையால் மெதுவாக உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது சத்தம் இன்னும் குறைந்தால் உங்கள் தலைக்கு அது சரியாக மூடவில்லை என்று பொருள். எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம். வாயைத் திறந்து மூடுங்கள், குனிந்து நிமிருங்கள், அப்போதும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்கவேண்டும். கண்ணாடிக் காம்பு பேட்டைத் தூக்கி, அந்தச் சின்ன இடைவெளி வழியாக பஸ் இரைச்சல் உள்ளே வந்துவிடும். மெல்லிய காம்பும் மெத்தென்ற பேட்டும் இருந்தால் பிரச்சினை குறைவு.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். இதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. கிண்ணம் காது மடலைப் பின்னால் தள்ளி அழுத்தும்போது, கம்மலின் திருகாணி காதுக்குப் பின்னால் எலும்பில் குத்தும். முதல் பத்து நிமிஷம் தெரியாது, அரை மணி நேரத்தில் சுருக்கென்று வலிக்கும். கிண்ணத்தின் உட்குழி ஆழமாகவும் அகலமாகவும் இருக்கிற மாடலில் மடல் மடங்காமல் உள்ளே அடங்கிவிடும். ஜிமிக்கி போட்டிருந்தால் கழற்றத்தான் வேண்டும். தலையில் துப்பட்டாவோ ஹிஜாபோ போடுகிறவர்கள், மெல்லிய துணி ஒரு சுற்று மட்டும் பேட்டுக்கு அடியில் வரும்படி இழுத்துவிட்டுப் பாருங்கள். துணி மடிப்பு விழுந்தால் சத்தம் கசியும். பின்னல் போட்டு மல்லிகை வைத்தவர்களுக்கு, பட்டை உச்சந்தலையில் உட்காருமாறு அளவு சரிசெய்தால் பூ நசுங்காது.

பெட்டியில 45 டெசிபல், 50 டெசிபல்னு போட்டிருக்கே?

அதை வைத்து வாங்காதீர்கள். ஏதோ ஒரு சுருதியில், ஆய்வக நிலையில் கிடைத்த உச்ச அளவாகவே அது பெரும்பாலும் இருக்கும். ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிடவும் முடியாது. 'ஹைப்ரிட்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். கிண்ணத்துக்கு வெளியே ஒரு மைக், உள்ளே ஒரு மைக் என்று இரண்டும் சேர்ந்து வேலை செய்கிறது என்பது அதன் அர்த்தம். அது பயனுள்ள தகவல்.

நம்ம ஊர் வெயிலுக்கு காதை மூடுற ஹெட்போன் தாங்குமா? வேர்க்காதா?

வேர்க்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஃபேனோ ஏசியோ உள்ள இடத்தில் உட்கார்ந்து கேட்பவர்களுக்குத்தான் இது. மத்தியானம் வெளியில் நடக்கிறவர்களுக்கு ஏஎன்சி உள்ள சின்ன இயர்பட்ஸ் போதும்.

பேட் பெரும்பாலும் செயற்கைத் தோல். வியர்வையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் படப்பட, மேல்தோல் முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் கறுப்புத் துகளாக உரிந்து காதில் ஒட்டும். பேட் உரிந்தால் ஏஎன்சியும் குறையும், ஏனென்றால் மூடுவதே அதுதான். ஒவ்வொரு தடவையும் கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, காற்றாட வையுங்கள். சானிடைசர், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், தோல் சீக்கிரம் வெடிக்கும். தலையில் எண்ணெய் வைத்த கையோடு மாட்டவேண்டாம். வாங்கும்போதே அந்த மாடலுக்கு மாற்று பேட் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கழற்றி மாட்டக்கூடிய பேட் என்றால் சில நூறு ரூபாயில் ஹெட்போனுக்குப் புது ஆயுள் கிடைக்கும்.

நிறுத்திய காருக்குள்ளும், வெயிலில் நிற்கும் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. தண்ணீர், தூசியை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் ஐபி தரச்சான்று எண் இல்லாத மாடலை மழையிலும் உடற்பயிற்சியிலும் போடக்கூடாது. இந்த விலையில் காதை மூடும் வகையில் பெரும்பாலானவற்றுக்கு அந்த எண் இருக்காது.

பஸ்ஸுல போனா 'புஸ் புஸ்'னு கேட்குது. பீஸ் கோளாறா?

கோளாறு இல்லை, காற்று. ஜன்னல் திறந்த அரசுப் பேருந்திலோ, ரயிலில் இரண்டாம் வகுப்பு ஜன்னலோரத்திலோ உட்கார்ந்தால், வெளி மைக்கில் காற்று நேராக மோதும். அதையும் சத்தம் என்று நினைத்துச் சிப் எதிர் ஒலி போடும், இரைச்சல் கூடிவிடும். ஆப்பில் காற்றுக்கான மோட் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் உள்பக்க சீட்டுக்கு மாறுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஏஎன்சியை நிறுத்திவிடலாம், பேட்டே பாதிச் சத்தத்தைத் தடுக்கும்.

பிருந்தாவன், லால்பாக் மாதிரி ரயில்களில் ஏசி சேர் கார் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஏஎன்சிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது. காட்பாடியில் இறங்கவேண்டியவர்கள் ஃபோனில் அதிர்வோடு அலாரம் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

வண்டி ஓட்டும்போது?

வேண்டாம். பெங்களூரு நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரி இன்ஜின் சத்தம்தான் உங்களுக்கு முதல் எச்சரிக்கை, ஏஎன்சி முதலில் அழிப்பதும் அதைத்தான். ரயில்வே கேட்டைக் கடக்கும்போதும், ரோட்டோரம் நடக்கும்போதும் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் ஃபேக்டரிகளில் வேலை செய்பவர்கள் இதைக் காதுப் பாதுகாப்புக்குப் போடலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். ஷூ கம்பெனியில் தையல் மெஷின், கட்டிங் பிரஸ் சத்தமும், பட்டறையில் சுத்தியல் சத்தமும் திடீரென்று வெடிக்கிற சத்தங்கள். ஏஎன்சி அவற்றைத் தடுக்காது. ஆனால் சத்தம் குறைந்த மாதிரி ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிடும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்ச வரம்பு. அதற்குத் தரச்சான்று பெற்ற இயர்பிளக், இயர்மஃப் தனியாக இருக்கின்றன. அவற்றை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

அப்பாவை சிஎம்சி மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். லாட்ஜ் ரூம்லயும் காத்திருக்கிற இடத்துலயும் போட்டுக்கலாமா?

ரூமில் போடலாம். காந்தி ரோட்டு இரைச்சலில் பஸ், ஆட்டோ இன்ஜின் உறுமல் நன்றாகக் குறையும், ஹாரன் குறையாது. ஒருக்களித்துப் படுத்தால் கிண்ணம் விலகிவிடும், அதனால் தூங்கும்போது இது சுகமில்லை. காத்திருக்கும் இடத்தில் பெயரோ எண்ணோ கூப்பிடுவது காதில் விழவேண்டும். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் ஆம்பியன்ட் மோடில் வைத்து, பாட்டை நிறுத்திவிட்டு உட்காருங்கள். நோயாளியோடு நீங்கள் ஒருவர் மட்டும் இருக்கும் இரவில் மாட்டவே வேண்டாம்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு விஷயம் முக்கியம். ஹெட்போன் ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. காதில் மாட்டுவதில் சிக்கல் இல்லை என்றாலும், கழற்றி நெஞ்சின் மேல் தொங்கவிடவோ சட்டைப்பையில் வைக்கவோ கூடாது. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நான் பேசுறது எதிர்ல இருக்கிறவங்களுக்குத் தெளிவா கேட்கலையாம். ஏஎன்சி இருக்கே?

ஏஎன்சி உங்கள் காதுக்கு. எதிரில் இருப்பவருக்கு உங்கள் குரல் எப்படிப் போகிறது என்பது வேறு சங்கதி, அதற்கு மைக் பக்கம் தனியாக இரைச்சல் குறைப்பு வேண்டும். பெட்டியில் அதை 'ஈஎன்சி' என்று போட்டிருப்பார்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் வாங்கும் முன் ஃபேனுக்குக் கீழே நின்று யாருக்காவது ஃபோன் போட்டுப் பாருங்கள்.

லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கியதும் பாட்டெல்லாம் பழைய ரேடியோ மாதிரி மங்கிவிடுகிறதா? ப்ளூடூத்தில் மைக் திறந்தவுடன் ஒலி, அழைப்புக்கான குறைந்த தரத்துக்கு மாறிவிடுவதால்தான் அப்படி. லேப்டாப் செட்டிங்கில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

எல்டாக், ஏஏசி இதெல்லாம் பார்க்கணுமா?

இவை ப்ளூடூத் வழியாகப் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகள். ஐபோன் என்றால் பார்க்கவேண்டாம், அதில் எஸ்பிசி, ஏஏசி இரண்டுதான். ஆண்ட்ராய்டில் 2017-ல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து எல்டாக் ஆதரவு இருக்கிறது. நல்ல தரத்தில் பாட்டு வைத்திருந்து, அமைதியான அறையில் கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியலாம். பஸ்ஸில் தெரியாது.

போட்டதும் காதை அடைக்கிற மாதிரி இருக்கு.

பலருக்கு இருக்கும். உண்மையில் காதுக்குள் காற்றழுத்தம் மாறுவதில்லை. தாழ்ந்த ஒலிகள் மட்டும் சட்டென்று மறைவதை மூளை அப்படி உணர்கிறது. ஆப்பில் ஏஎன்சி அளவைக் குறைத்து வைத்துப் பழகுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் தலைசுற்றலோ தலைவலியோ இருந்தால் உங்களுக்கு இது ஒத்துவரவில்லை. கடையில் மாற்றித் தரும் கெடுவுக்குள் திருப்பிவிடுங்கள்.

சரி, பெயர் சொல்லுங்க. எதை வாங்குறது?

தினசரிப் பயணத்துக்கு, எடை குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு சோனி டபிள்யூஎச்-சிஎச்720என். 192 கிராம்தான், ஏஎன்சியோடு 35 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனி. எல்டாக் கிடையாது, மடக்கிச் சுருட்ட முடியாது, கிண்ணம் தட்டையாகத் திரும்பும். பையில் இடம் குறைவு, மடக்கவேண்டும் என்றால் ஜேபிஎல் ட்யூன் 770என்சி, ஏஎன்சியோடு 44 மணி நேரம். ஆண்ட்ராய்டில் எல்டாக்கும் வேண்டும், காசும் பார்க்கவேண்டும் என்றால் சவுண்ட்கோர் ஸ்பேஸ் ஒன், 40 மணி நேரம். பேச்சும் பாட்டும் இயல்பாகக் கேட்கவேண்டும் என்று நினைப்பவர்கள் சென்ஹைசர் அக்சென்டத்தைக் கேட்டுப் பாருங்கள், 50 மணி நேரம். ஆனால் அதில் 3.5 மில்லிமீட்டர் ஒயர் துளை இல்லை. இந்த மணி நேரமெல்லாம் மிதமான வால்யூமில் கம்பெனி சொல்லும் கணக்கு.

இந்த நான்கில் யாருக்கு எது என்பதைத் தீர்மானிப்பது, மேலே சொன்ன கிண்ணத்தை அழுத்திப் பார்க்கும் சோதனைதான். தலைக்குச் சரியாக மூடுகிற ஏழாயிரம் ரூபாய் ஹெட்போன், மூடாத பதினைந்தாயிரம் ரூபாய் ஹெட்போனைவிட அமைதியாக இருக்கும்.

'ஃபர்ஸ்ட் காப்பி' ஆயிரத்து ஐந்நூறுக்குத் தர்றாங்களே?

அது போலி. அதில் ஏஎன்சி பொத்தான் இருக்கும், ஆனால் உருப்படியாக ஒன்றும் அடங்காது. பேட்டரியின் தரமும் தெரியாது, அதைத் தலையில் மாட்டுகிறோம் என்பதை யோசியுங்கள். அசல் பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும், எம்ஆர்பி-யும், இறக்குமதியாளர் முகவரியும், எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் அச்சாகியிருக்கும். சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லை வாங்கி, உடனே ஃபோனில் படம் எடுத்துவையுங்கள், வெப்பத்தாளில் அடித்த பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். வேலூரிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, சென்னைக்கு அனுப்பவேண்டுமா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். வாரண்டி மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம்.

ஒரு பக்கம் மட்டும் 'கொர்'னு சத்தம் வருது. போச்சா?

முதலில் வெளியே உள்ள மைக் துளைகளைப் பாருங்கள். தூசியும் வியர்வை உப்பும் அடைத்திருந்தால் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊசி வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். பேட் ஒரு பக்கம் கொக்கியிலிருந்து விலகியிருந்தாலும் இப்படிக் கேட்கும், அழுத்தி 'டக்' என்று உட்காரவையுங்கள். பிறகு கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்து, ஃபோனில் பழைய இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். ஆப்பில் அப்டேட் வந்திருந்தால் முழு சார்ஜ் ஏற்றிய பிறகு போடுங்கள். இவ்வளவுக்கும் போகவில்லை என்றால் உள்மைக் பழுதாகியிருக்கலாம். தெருமுனைக் கடையில் பிரிக்கக் கொடுத்தால் வாரண்டி போய்விடும், பில்லோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.